அடக்கமான பெண் என்று இரண்டு கடிதங்கள்

1995-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டைக் கல்லூரிக்குத் தினமும் போய் வந்து பி.காம். மூன்றாம் ஆண்டை முடித்துக்கொண்டிருந்தேன். அந்த மாதம் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. இப்போது எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. வயதானால் கோபம் தணியும் என்கிறார்கள். எனக்குத் தணியவில்லை.

முதலில், சேரன்மகாதேவிப் பெண்ணுக்குப் பம்பாயில் நிதி மேற்படிப்பு படிக்கும் ஆசை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அந்த வருடங்களில் எங்கள் ஊர்ப் பக்கம் எல்லோருக்கும் பங்குப் பைத்தியம் பிடித்திருந்தது. புதிதாக வரும் கம்பெனிகளின் பங்கு விண்ணப்பத்தைக் கத்தை கத்தையாக வாங்கி வந்து, எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் வைத்துப் போட்டி போட்டு நிரப்புவார்கள். என் ஆங்கிலக் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்பதால் நிரப்பும் வேலை என் தலையில் விழும். வாத்தியார்கள் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள். நான் பொழுதுபோகாமல் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததையெல்லாம் படித்தேன். கம்பெனி யாருடையது, பணம் எதற்கு, என்ன ஆபத்து என்று எல்லாம் அதில் இருக்கும். இந்த வெளியீட்டை நடத்துபவர் என்று ஒரு நிறுவனத்தின் பெயரும் இருக்கும். கம்பெனிக்கு என்ன விலை சொல்லலாம், யாரிடம் பணம் திரட்டலாம் என்று தீர்மானிப்பது இவர்கள்தானா என்று யோசித்தேன். அதுதான் முதலீட்டு வங்கி வேலை என்று பிறகு மாவட்ட நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த வேலைக்குத்தான் போவது, அதற்குப் பம்பாயில் படிப்பது என்று முடிவு செய்தேன்.

அப்பா அரிசி ஆலையில் மேற்பார்வையாளர். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு தடவைதான் ஏட்டி. கெடச்சாப் போ. கெடைக்கலன்னா தை மாசம் களக்காட்டு மாப்பிள்ளை. அதுக்குப் பொறவு பம்பாய், கிம்பாய்னு ஒரு பேச்சு வரப்படாது."

களக்காட்டு மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. அதுதான் குறை.

மதுரையில் நுழைவுத் தேர்வு எழுதினேன். தேறினேன். நேர்காணலுக்கு முன்பு இரண்டு பேரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கி, உறையை ஒட்டி, ஒட்டின இடத்தில் அவர்களே கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்று விதி. எனக்குப் பாடம் எடுத்தவர்கள் தர வேண்டும் என்றும் போட்டிருந்தது. நான் துறைத் தலைவரிடம் ஒன்று கேட்டேன். முதல்வரிடம் ஒன்று கேட்டேன். முதல்வர் எனக்கு ஒரு வகுப்பும் எடுத்ததில்லை. துறைத் தலைவர் வருகைப் பதிவேடு எடுத்ததோடு சரி. ஆனால் இரண்டு பேருக்கும் பெரிய நாற்காலி, பெரிய முத்திரை. பம்பாய்க்காரர்கள் முத்திரையைப் பார்த்து மிரண்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். என் புத்தி அப்படிப் போயிற்று.

அப்பாவும் நானும் மெட்ராஸ் போய், அங்கிருந்து ரயில் மாறி, உடம்பெல்லாம் புழுதி அப்பிப் பம்பாயில் இறங்கினோம். நேர்காணல் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண்மணி. ஊரில் கண்ணாடி முன்னால் நின்று ஆங்கிலத்தில் பேசிப் பார்த்த பதிலையெல்லாம் மனத்துக்குள் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு கேள்வியும் வரவில்லை. நடுவில் இருந்தவர் இரண்டு காகிதங்களை எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என் பக்கம் திருப்பினார். இவற்றை எழுதியது யார் என்று கேட்டார்.

அன்றுதான் அந்தக் கடிதங்களை முதல்முறையாகப் படித்தேன். ஒன்றில் துறைத் தலைவர் கையெழுத்து, இன்னொன்றில் முதல்வர் கையெழுத்து. உள்ளே இருந்தது ஒன்றேதான். வரிக்கு வரி ஒன்று. இந்தப் பெண் கண்ணியமான குடும்பத்தைச் சேர்ந்தவள். அடக்கமானவள். தெய்வபக்தி உள்ளவள். பெரியவர்களை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. போகிற இடத்தில் நல்ல பெயர் எடுப்பாள் என்று உறுதியளிக்கிறேன்.

அவ்வளவுதான். நான் பல்கலைக்கழக அளவில் ரேங்க் வாங்குபவள் என்று ஒரு வார்த்தை இல்லை. என்ன படித்தேன் என்றுகூட இல்லை.

நான் படித்து முடித்ததும் நடுவில் இருந்தவர் மெதுவாகச் சொன்னார். இரண்டு தனித்தனி மனிதர்கள் ஒரே வாக்கியங்களை எழுத முடியாது, ஆகவே இரண்டையும் நீயே தயாரித்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறாய், அல்லது கையெழுத்தும் நீயே போட்டதுதான் என்றார். அப்படியானால் நேர்காணல் இத்தோடு முடிந்தது, நீ போகலாம் என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவ்வளவு தூரம் ரயிலில் வந்தது திருடி என்று பட்டம் வாங்கவா? அடுக்கி வைத்திருந்த ஆங்கிலம் எல்லாம் எங்கேயோ ஓடிவிட்டது. வாயில் வந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

"நானே எழுதியிருந்தால், என்னைப் பற்றி இப்படியா எழுதியிருப்பேன்?"

பெண்மணி தலையைத் தூக்கினார். நான் நிறுத்தவில்லை. இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு மாப்பிள்ளை கிடைக்கும், இங்கே இடம் கிடைக்காது, அது தெரியாத முட்டாளா நான் என்று கேட்டேன். இதில் ஒரு வரி என்னைப் பற்றி இல்லை என்றேன்.

அப்படியானால் உன் பேராசிரியர் பொய் எழுதினாரா என்று பெண்மணி கேட்டார்.

எதிர்த்துப் பேசியதில்லை என்று எழுதியிருக்கிறாரே, அதுதான் பெரிய பொய் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். போன வருடம் ஒரு தோட்டக் கம்பெனியின் பங்கு விண்ணப்பத்தை எங்கள் துறைத் தலைவர் நிரப்பச் சொன்னார். பின்பக்கத்தைப் படித்தேன். கம்பெனி ஆரம்பித்தவர்கள் சொந்தப் பணம் என்று பெயருக்குத்தான் போட்டிருந்தார்கள். அதை விட முக்கியம், வெளியீட்டை நடத்தும் நிறுவனத்தின் முகவரியும் கம்பெனியின் முகவரியும் ஒரே கட்டடம், ஒரே மாடி; கம்பெனியைச் சோதித்துப் பார்க்க வேண்டியவர்களும் கம்பெனிக்காரர்களும் ஒரே ஆட்கள். இது வேண்டாம் சார் என்றேன். உனக்கென்ன தெரியும், எழுதச் சொன்னால் எழுது என்றார். எழுத மாட்டேன் என்று பேனாவை மூடி வைத்துவிட்டேன். வேறு ஒருத்தியை வைத்து எழுதினார். அந்த வருடத் தீபாவளிக்கே அந்தக் கட்டடத்தில் பூட்டுத்தான் தொங்கியது.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்மணி மேசை அடியிலிருந்து ஒரு கம்பெனியின் பங்கு வெளியீட்டு விளக்க அறிக்கையை எடுத்துப் போட்டு, இதில் என்ன கோளாறு, சொல் என்றார். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் என்னைப் பிழிந்து எடுத்தார்கள். பாதிக்குப் பதில் சொன்னேன். மீதிக்குத் தெரியாது என்றேன். கடைசியில் நடுவில் இருந்தவர் சொன்னார். நீ சொல்வதை நம்புகிறோம், ஆனால் இந்தக் காகிதங்களோடு உன் கோப்பு மேலே போகாது, உனக்கு உண்மையாகவே பாடம் எடுத்த ஒருவர் தன் கையால் எழுதிய கடிதம் பத்து நாளில் இங்கே வர வேண்டும், வந்தால் பரிசீலிப்போம்.

வெளியே வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்கு என் கோபமே புரியவில்லை.

"அடக்கமான பிள்ளைன்னு தான எழுதிருக்காவ? அதுல என்னட்டி குத்தம்?"

திரும்பி வரும் வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை.

ஊர் வந்து சேர்ந்தபோது பத்து நாளில் மூன்று போய்விட்டது. மறுநாள் காலையில் அப்பாவோடு கல்லூரிக்குப் போனேன். நேரே தட்டச்சு அறைக்குள் நுழைந்தேன். அங்கே இருபது வருடமாகத் தட்டச்சு செய்த அண்ணாச்சி ஒருவர் உண்டு. நல்ல மனிதர். இரண்டு கடிதமும் எப்படி ஒன்றாக வந்தது என்று கேட்டதும், அவர் ஒளிவு மறைவு இல்லாமல் அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்தார்.

"இதுல என்னம்மா ரகசியம்? பயலுவளுக்கு ஒண்ணு, பிள்ளைகளுக்கு ஒண்ணு, ஆக ரெண்டு இருக்கு. பேரு மட்டும் மாத்துவோம். சாருமாரு வாசிச்சா பாக்கப் போறாவ? கையெழுத்துப் போட்டுருவாவ."

பெண்பிள்ளைகளுக்கான அந்தக் கடிதம் முதலில் எதற்கு எழுதப்பட்டது என்று கேட்டேன்.

"வெளியூர் மாப்பிள்ளை வீட்டுக்காரவ பிள்ளையப் பத்தி விசாரிச்சுக் கடுதாசி போடுவாவல்லா, அதுக்குப் பதிலா பழைய சார் ஒருத்தர் எழுதுனது. நல்லா அமைஞ்சு போச்சு. வேலைக்கு, படிப்புக்கு, எல்லாத்துக்கும் அதையே வச்சுக்கிட்டோம்."

ஆண்பிள்ளைகளுக்கான கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். கூர்மையான அறிவும் தலைமைப் பண்பும் உடையவர், சுயமாக முடிவெடுக்கும் திறமை கொண்டவர் என்று இருந்தது. எங்கள் வகுப்பில் மூன்று தாளில் அரியர் வைத்துவிட்டு வாசல் டீக்கடையிலேயே வாழ்ந்தவனுக்கும் அதே கடிதம்தான் போயிருக்கிறது. அவனுக்குத் தலைமைப் பண்பு. எனக்கு அடக்கம். இருபது வருடமாக எத்தனை பெண்கள் இந்தக் காகிதத்தை உறையில் போட்டு எங்கெங்கோ அனுப்பிவிட்டு, ஏன் பதில் வரவில்லை என்று தெரியாமலேயே வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்? அதை நினைத்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இப்போது எழுதும்போதும் எரிகிறது.

அந்தக் கோபத்தோடுதான் துறைத் தலைவர் அறைக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. ஆனால் போனேன். நடந்ததைச் சொல்லி, என் படிப்பைப் பற்றிக் கையால் ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். கேட்ட தொனி சரியில்லைதான்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே மனம் புண்பட்டுப் போனார்.

"ஒன்னயப் பத்தி ஒரு சொல்லு கொறவா எழுதிருக்கேனா? எம் மகளுக்கு எழுதுனாலும் இதத்தான் எழுதுவேன். அங்கன போயி பம்பாய்க்காரன் முன்னால எங் கடுதாசியப் பொய்ன்னு சொல்லிட்டு, இப்ப இன்னொண்ணு எழுதும்னு வந்து நிக்க!"

"சார், நீங்க எழுதல. தட்டச்சு அண்ணாச்சி எழுதுனாவ."

"பாத்தீயளா?" என்று அப்பா பக்கம் திரும்பினார். "இந்த வாய வச்சுக்கிட்டு இவ எங்கன போயி என்னத்தப் படிக்கப் போறா? மன்னிப்புக் கேக்கச் சொல்லும். எழுதித் தாரதப் பத்திப் பொறவு யோசிப்போம்."

அப்பா கும்பிட்டார். வாழ்நாளில் ஆலை முதலாளியைக்கூட அவர் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. "கேட்டுருட்டி. ஒரு வார்த்ததான. கேட்டுரு." அப்பா கெஞ்சுவதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஆனால் எதற்கு மன்னிப்பு? என்னைத் திருடி என்று நினைக்கும்படி செய்தது அவர்கள். நான் எதற்குக் கேட்க வேண்டும்? முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வாசல் வேப்பமரத்தடியில் அப்பா சொன்னார்: "அப்ப சரி. களக்காட்டுக்குச் சொல்லி விட்டுருதேன்."

அந்த நிமிடத்தில்தான் புள்ளியியல் எடுத்த ஆசிரியையின் நினைவு வந்தது. மூன்று வருடமும் எனக்கு உண்மையாகப் பாடம் எடுத்தவர் அவர்தான். என்னை விட ஏழெட்டு வயதுதான் கூடுதல். தற்காலிக ஆசிரியை. ஒவ்வொரு ஜூன் மாதமும் புது உத்தரவு வந்தால்தான் வேலை. அவருக்கென்று நாற்காலி கிடையாது, முத்திரை கிடையாது. அதனால்தான் அவரிடம் முதலில் கேட்கவில்லை. வேறு காரணம் எதையும் இப்போது ஜோடித்துச் சொல்ல நான் தயாரில்லை.

சமாதானபுரத்தில் அவர் வாடகை வீட்டுக்குப் போனபோது பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். அப்பாவை உட்கார வைத்து மோர் கொடுத்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "கடைசியிலயாவது என் ஞாபகம் வந்துச்சே, சந்தோசம்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு ஒரு கோடு போட்ட தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். அரைப் பக்கம். எழுதி முடித்ததும் உறையில் போடாமல் என்னிடம் நீட்டினார்.

"வாசிச்சுக்கோ. ஒனக்குத் தெரியாம ஒன்னயப் பத்தி நான் எழுதப் போறதில்ல."

வாசித்தேன். இவள் முன்கோபக்காரி என்று ஆரம்பித்தது. பொறுமை கிடையாது. நான் கரும்பலகையில் போட்ட கணக்கில் தவறு என்று இரண்டு முறை வகுப்பின் நடுவே எழுந்து சொன்னாள். மரியாதையாகச் சொல்லவில்லை. அதற்காக இவளை எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு முறையும் இவள் சொன்னதே சரி. தான் சொல்வதற்கு ஆதாரம் இல்லாமல் இவள் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. இவளைச் சேர்த்துக்கொண்டால் உங்களுக்குத் தொந்தரவாக இருப்பாள், ஆனால் உங்கள் கணக்குகள் சரியாக இருக்கும். இப்படி எழுதி, கீழே பெயர். பெயருக்குக் கீழே தற்காலிக விரிவுரையாளர் என்று அவரே போட்டிருந்தார்.

"பிடிக்கலன்னுமா எழுதணும்?" என்று அப்பா பதறினார்.

"உண்மைதானய்யா. எழுதுனா என்ன?" என்று அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இது தெரிஞ்சா நம்ம துறைப் பெரியசார் என்ன செய்வாவன்னு தெரியல. பரவாயில்ல. கொண்டு போங்க" என்று உறையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஜங்ஷன் தபால் நிலையத்தில் விரைவு அஞ்சலில் போடும்போது அப்பா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு சீல்கூட இல்லயேட்டி. இத எவன் மதிப்பான்?" என்றார். ஆனாலும் களக்காட்டுக்கு அவர் சொல்லி விடவில்லை.

மே மாதக் கடைசியில் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. பம்பாய்க்குப் போன முதல் வாரத்தில் அந்தப் பெண்மணி என்னை நிறுத்தி, "உனக்கு வந்த மூன்று கடிதத்தில் ஒன்றில்தான் ஓர் ஆள் இருந்தது" என்று சொன்னார். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது.

ஜூன் மாதம் கல்லூரி திறந்ததும் எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். துறைத் தலைவர்தான் ஏற்பாடு. மேடையில் எனக்குச் சால்வை போட்டார். ஒலிபெருக்கியில், "எங்கள் பரிந்துரையை மதித்து இந்தியாவின் முதல்தரமான நிறுவனம் எங்கள் மாணவிக்கு இடம் கொடுத்திருக்கிறது. அடக்கம்தான் அவளை உயர்த்தியது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் அப்பா புது வேட்டி கட்டி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் அந்த ஆசிரியை இருந்தார். அந்த வருடத்து உத்தரவு அவருக்கு இன்னும் வரவில்லை. அதற்காகத்தான் அன்று கல்லூரிக்கு வந்திருந்தார்.

என்னைப் பேசச் சொன்னார்கள். ஒலிபெருக்கி என் கையில். இன்னும் நாலு நாளில் ரயில். எதற்கு வம்பு, அப்பா சந்தோஷமாக இருக்கிறார், போகிற நேரத்தில் கெட்ட பெயர் எதற்கு என்று தோன்றியது. எல்லா ஆசிரியர்களுக்கும் நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பம்பாயில் மூன்று பேர் முன்னால் குதித்தவள் நான். துறைத் தலைவர் அறையில் அப்பாவின் கும்பிட்ட கையைப் பார்த்தும் இறங்காதவள். அவ்வளவும் எனக்காக. அந்த ஆசிரியைக்காகப் பேச வேண்டிய இடத்தில், அவர் கடிதத்தால்தான் இடம் கிடைத்தது என்று ஒரு வரி பேசவில்லை.

அந்த வருடம் அவருக்கு உத்தரவு வரவில்லை. பணியிடம் தேவையில்லை என்று சொன்னார்களாம். இரண்டே மாதத்தில் அதே பாடத்துக்கு வேறு ஒருவரை வைத்தார்கள் என்று தோழி எழுதினாள். எனக்கு எழுதிக் கொடுத்த கடிதம்தான் காரணமா என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள். நான் அவருக்கு அழுது நாலு பக்கம் எழுதினேன். திசையன்விளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டதாக ஒரு தபால் அட்டை வந்தது. நான் எழுதியது உண்மை, அதனால் வந்தது எதுவானாலும் அதற்கு நீ பொறுப்பில்லை என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது: "ஆனால் அன்று மேடையில் நீ பேசுவாய் என்று நினைத்தேன்."

நான் ஆசைப்பட்ட வேலையில்தான் இத்தனை வருடம் இருந்தேன். பெரிய பெரிய ஆட்களோடு, பெரிய பெரிய மேசைகளில், சத்தம் போட்டுத்தான் பிழைத்தேன். அதற்காக என்னைத் தைரியசாலி என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அந்த அட்டையின் கடைசி வரிதான் நினைவுக்கு வருகிறது. தனக்காக மட்டும் போடும் சண்டையைத் தைரியம் என்று ஒப்புக்கொள்ள அதற்குப் பிறகு என்னால் முடிந்ததில்லை.